கேட்காமல் கொடுத்த வாக்கு

அத்தியாயம் 11

ஒரு பூனையின் விலை இருபதாயிரம் ரூபாய்.

வாங்கிய விலை என்று நினைத்துவிட வேண்டாம். வந்தபோது அது இலவசம். தாராவியில் ஒரு மழைநாளில் சாக்கடை ஓரமாகக் கிடந்தது. இருபதாயிரம் என்பது முகம்மது ஹனீப் அதை விற்ற விலை. வாங்கியவருக்குத் தான் ஒரு பூனையை வாங்கியிருப்பதே தெரியாது. பூனையை வளர்த்த ஷைஸ்தாவுக்கு, இந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை, அது விலைபோன சங்கதியே தெரியாது.

மாட்டுங்காவில் நடந்த அந்தப் பேரம் போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தவறவிட்டவர்களுக்காக நாலு வரி.

தாராவியில் ஹனீப் குடும்பம் வாடகைக்கு இருந்த மாடிக் கோலியை, அந்த ஒற்றை அறை வீட்டை, உரிமையாளர் விற்றுவிட்டார். திங்கட்கிழமை சாவியைக் கொடுத்தாக வேண்டும். செம்பூரில் வீடு தேடினார்கள். காலியாகக் கிடக்கிற செம்பூர் வீடுகள் 'முகம்மது ஹனீப்' என்ற பெயரைச் சொன்ன நிமிடத்தில் ஆள் நிரம்பிப் போயின. ஒரு வீட்டுக்காரர் தன் மகன் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறப் போவதாகச் சொன்னார். அடுத்த வாரம் அந்த வீட்டில் யாரோ ஒரு வங்கி மேனேஜர் பால் காய்ச்சினார். மகன் இன்னும் அமெரிக்காவில்தான் இருக்கிறான்.

அப்போதுதான் புரோக்கர் தளவாய் ஹனீப்பை ஓரமாகக் கூட்டிப்போய் ஒரு புத்தி சொன்னார்.

"ஒரு பார்ட்டிக்கு ஒரு குறைதான் இருக்கலாம் பாய். ஒங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. பூனையைப் பத்தி வாயத் தொறக்காதிய."

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்கூட இந்த அத்தியாயம் வேறு மாதிரிப் போயிருக்கும். ஹனீப் தோல் பை வியாபாரி. கிராஃபர்டு மார்க்கெட் கடைக்காரர் ஜிப்பைப் பற்றி யோசிக்கும் முன்பே, "ஜிப் அறுந்தா நான் மாத்தித் தாரேன்" என்று தானாகச் சொல்லிவிட்டு, பைக்கு ஐந்து ரூபாய் கூட்டி வாங்குகிறவர். எந்தக் கடைக்காரரும் இதுவரை அறுந்த ஜிப்போடு தாராவிக்கு வந்ததில்லை. கேட்காததைக் கொடுத்துக் காசாக்குவதில் அவருக்கு அப்படி ஒரு பழக்கம்.

வானமாமலை அண்ணாச்சி நாங்குநேரிக்காரர். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, முலுண்டில் மகனோடு இருக்கிறார். செம்பூர் வீட்டை வாடகைக்கு விடுகிறார். மாட்டுங்கா காபிக் கடையில் ஹனீப் பெயரைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "மேலப்பாளையமா, நம்ம பக்கத்து ஊருல்லா" என்று இன்னொரு காபி சொன்னார். ஒன்றரை லட்சம் டெபாசிட்டை மட்டும் குறைக்க மாட்டேன் என்றார்.

ஹனீப்புக்கு நாக்கு ஊறிவிட்டது. "எங்க வீட்டுல பூனை, நாய்னு ஒரு பிராணி கெடையாது அண்ணாச்சி. சுவத்துல ஒரு கீறல் விழாது" என்றார். அண்ணாச்சி கேட்கவில்லை. அவர் மனதில் பூனையும் இல்லை, நாயும் இல்லை. ஆனாலும் ஒன்று முப்பதுக்கு இறங்கினார்.

ஹனீப் அன்று சாயங்காலம் மாட்டுங்கா ஸ்டேஷன் படியை இளைஞனைப் போல ஏறினார்.

*

ஷைஸ்தாவுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. இப்போது இருபத்து நாலு. ஐரோலியில் ஒரு கம்பெனியில் கணினி வேலை. காதில் மிஷின் மாட்டினால் கொஞ்சம் சத்தம் வரும். மீதியை உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வாள். அச்சிட்ட தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். உதட்டில் ஓடுகிற தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மீசை இல்லாதவர்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

இரவில் மிஷினைக் கழற்றிவிட்டால் இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. அந்த நேரத்துக்குப் பூனை ஜர்தா இருந்தது. கல்யாண வீட்டு ஜர்தாச் சோற்றின் மஞ்சள் நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். கதவு தட்டினால் அவள் மேல் ஏறி மிதிக்கும். பால் பொங்கினால் காலைச் சுற்றும். யாரும் பழக்கவில்லை. அவளோடு இருந்து இருந்து அதற்கே தெரிந்துபோனது.

முந்தின வருடம், கோலிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் குடோன் தீப்பிடித்தது. ஹனீப்பும் மனைவி சுலைகாவும் மும்ப்ராவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். ஷைஸ்தா தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜர்தா அவள் முகத்தைக் கீறி எழுப்பியது. இடது காதோரம் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் இருபதாயிரத்துக்குப் பேரம் முடித்தார். வாய்வார்த்தைதானே, குடிபோன பிறகு யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அதை அண்ணாச்சி அக்ரிமென்டில் ஏற்றிவிட்டார் என்று தளவாய் வந்து சொன்ன பிறகுதான் கணக்கு தப்பியது தெரிந்தது.

சுலைகாவிடம் மட்டும் சொன்னார். சுலைகா திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஷைஸ்தாவுக்குத் தெரியக்கூடாத விஷயத்தைப் பேச அறைக்கு வெளியே போக வேண்டியதில்லை, குரலைத் தாழ்த்தவும் வேண்டியதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். வட்டி, வைத்தியம், மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொன்னது எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் அல்ல, தங்கள் முதுகை அவளுக்குக் காட்டித்தான் பேசியிருக்கிறார்கள்.

ஞாயிறு காலையும் அப்படித்தான். சாமான் கட்டிக்கொண்டிருந்த சுலைகாவின் பக்கம் திரும்பி நின்று ஹனீப் தன் திட்டத்தைச் சொன்னார். இரண்டு சந்து தள்ளி இருக்கிற தன் கார்கானாவில், தோல் பை தைக்கிற பட்டறையில், பூனையை விட்டுவிடலாம், தையல்காரன் அஸாருதீன் சோறு வைப்பான். 'ரெண்டு நாளைக்கு' என்று ஷைஸ்தாவிடம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு நாள் பத்து நாளாகும். பத்து நாளில் பழகிவிடும்.

"யாருக்குப் பழகிரும், ஷைஸ்தா வாப்பா?" என்று மட்டும் சுலைகா கேட்டாள்.

அதற்குள் ஷைஸ்தா பக்கத்தில் வந்து நின்றாள். கையில் புதிதாக வாங்கிய, கம்பிக் கதவு வைத்த பிளாஸ்டிக் கூடை. உள்ளே ஜர்தா. புது வீட்டை முதலில் பூனை பார்க்கட்டும் என்றாள். டாக்சி வந்து நின்றது. அக்ரிமென்ட் அவள் பெயரில். செம்பூர் சொசைட்டிக்கு, அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கு, தாராவித் தோலைவிடக் கம்பெனிச் சம்பளம் பிடிக்கும் என்று தளவாய் அப்படி ஏற்பாடு செய்திருந்தார். அவள் கைரேகை இல்லாமல் வீடு இல்லை. அவளைக் கோபப்படுத்த அது நாளல்ல.

ஹனீப் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சயான் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

*

கேட்டில் காத்திருந்த தளவாய் கூடையைப் பார்த்ததும் வெளிறிப்போனார். வெயில் படவேண்டாம் என்று ஷைஸ்தாவிடம் சொல்லி, அவள் சால்வையை வாங்கி அதன் மேல் போர்த்தினார். வாட்ச்மேன் என்ன என்று கேட்க, தையல் மிஷின் தலை என்றார். தையல் மிஷின் உள்ளே ஒருமுறை புரண்டு படுத்தது.

லிஃப்ட் திறந்தபோது அதிலிருந்து ஒரு லாப்ரடார் நாய் நிதானமாக இறங்கியது. கழுத்தில் சிவப்புப் பட்டை, பின்னால் சங்கிலியைப் பிடித்த வேலைக்காரர். சொசைட்டி செக்ரட்டரி மேடத்தின் நாய், பெயர் பிஸ்கட் என்று தளவாய் பயபக்தியோடு அறிமுகம் செய்தார். அது போகும்வரை எல்லாரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

மாடியில் வானமாமலை வாசலிலேயே நின்று வரவேற்றார். காலி ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் பதிவு ஏஜென்ட் லேப்டாப்பையும் கேமராவையும் கைரேகைப் பெட்டியையும் பரப்பி வைத்திருந்தார். தளவாய் கூடையைச் சமையலறை வாசலோரம் தள்ளிவிட்டு, தானும் அதை மறைத்தாற்போல நின்றுகொண்டார்.

வானமாமலைக்கு மீசை இல்லை. வாயைத் திறந்து நாங்குநேரித் தமிழை முழுசாகப் பேசுகிறவர். ஷைஸ்தா அவர் முகத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை எங்கே, பஸ் வருமா, சம்பளம் நேரத்துக்குத் தருவானா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட அவர் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் பெரியவர் உச்சி குளிரப் பேசிவிட்டார்.

"ஒங்க வாப்பா மாதிரி ஆள் கெடைக்க மாட்டாங்கம்மா. நான் ஒரு வார்த்தை கேக்கல. அவராவே சொன்னாரு, வீட்டுல பூனை நாய் எதுவும் கெடையாதுன்னு. அதுக்காவத்தான் இருவது கொறச்சேன்."

ஹனீப் இருமினார். இருமல் யாருக்குக் கேட்க வேண்டுமோ அவளுக்குக் கேட்கவில்லை. குறுக்கே போய் நிற்பதற்குள் வாக்கியம் முடிந்துவிட்டது.

ஷைஸ்தா கூடையைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தாள். அவள் குரல் எப்போதுமே ஒரு படி உயரமாகத்தான் இருக்கும். காலி வீட்டில் அது சுவரில் பட்டுத் திரும்பியது.

"இந்த வாரம் பூரா ஒங்க முதுகைத்தான் பாத்தேன் வாப்பா. யாவாரத்துல ஏதோ நஷ்டம்போலன்னு நெனச்சேன்."

*

சால்வையை அவளே எடுத்தாள். "எங்க வீட்டுல பூனை இருக்கு" என்று வானமாமலையிடம் சொன்னாள். தளவாய் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து நடந்ததை ஹனீப் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து கூடைக்குள் பார்த்தார். மஞ்சள் பூனையா என்றார். பிறகு எல்லாரையும் சமையலறைக்குள் கூட்டிப்போய் ஜன்னலைக் காட்டினார். கீழ்க் கம்பி ஒன்று பாதியில் அறுபட்டிருந்தது. காலமான அவர் மனைவி ஆள் வைத்து அறுத்தது. மூன்று பூனைகள் அந்த வழியாகத்தான் வந்து போகுமாம். ஒன்று அவள் தலையணையில்தான் படுக்குமாம். அவளுக்குப் பிறகு அவை வரவில்லை, தானும் கம்பியை ஒட்டவைக்கவில்லை என்றார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா பாய். நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

ஹனீப்பின் உடம்பில் வியாபாரி மறுபடி விழித்துக்கொண்டார். சரக்கைத் திருப்பி எடுக்க வழி இருக்கிறது. சட்டைப்பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்து நீட்டினார். "அந்த இருவதை நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஒண்ணரையே டெபாசிட். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துருவோம்."

வானமாமலை பணத்தைத் தொடவில்லை. கமிட்டியில் நடந்ததைச் சொன்னார். சொசைட்டிக் கமிட்டி முதலில் சம்மதிக்கவே இல்லை. பெயரைப் பார்த்ததும் காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டார்கள். அவர்தான் எழுந்து பேசினார். நம் ஊர்க்காரர், சுத்தமானவர், பிராணி வளர்க்க மாட்டேன் என்று நான் கேட்காமலே வாக்குக் கொடுத்தவர் என்று எடுத்துச் சொன்னார். அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். பக்ரீதுக்கு ஆடு கூடாது என்பதையும் அவர்களே கீழே சேர்த்துக்கொண்டார்கள்.

"அந்த ஒரு சொல்ல வச்சுத்தான் பாய் ஒங்க பேரை உள்ள கொண்டாந்தேன். இப்ப எப்படி எடுக்க?"

ஹனீப்புக்கு இது புரிய விளக்கம் வேண்டியதில்லை. அவர் எழுதிய உண்டியலை, அந்த வியாபாரக் கடன்சீட்டை, அண்ணாச்சி கமிட்டியில் கொடுத்து மாற்றிவிட்டார். கைமாறிப்போன உண்டியலை எழுதியவன் நினைத்தாலும் கிழிக்க முடியாது.

அப்போது வாசல் மணி அடித்தது.

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள், ஷைஸ்தாவைத் தவிர. கூடைக்குள் ஜர்தா எழுந்து, கதவின் பக்கம் காதைத் திருப்பி, கம்பியைப் பிறாண்டியது. ஷைஸ்தா கூடையைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். "யாரோ வந்திருக்காங்க" என்றாள்.

லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்த ஏஜென்ட் கையை நிறுத்திவிட்டார். தளவாய்தான் போய்க் கதவைத் திறந்தார்.

*

செக்ரட்டரி மேடம் கையில் சொசைட்டியின் சம்மதக் கடிதத்தோடு வந்திருந்தார். கூடவே பிஸ்கட். நல்ல சிரிப்பு, மரியாதையான பேச்சு. பிஸ்கட்டுக்கு மோப்பம் பிடிக்க அரை நிமிடம் போதுமானதாக இருந்தது. ஹாலைக் கடந்து போய்க் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து வாலை ஆட்டியது. ஜர்தா சீறியது. தளவாய் தையல் மிஷின் கதையை மறுபடி ஆரம்பிக்கவில்லை.

மேடத்தின் இந்தியும் லிப்ஸ்டிக்கும் ஷைஸ்தாவுக்குப் பாதிதான் பிடிபட்டன. மீதியை வானமாமலை தமிழில் வாங்கிக் கொடுத்தார். ஷைஸ்தா ஆபீஸில் கேள்விப்பட்டிருந்ததைக் கேட்டாள்: வீட்டில் பிராணி வளர்ப்பதைச் சொசைட்டி தடுக்க முடியாது என்று சொல்கிறார்களே?

ரொம்பச் சரி என்றார் மேடம். பிஸ்கட் வந்த புதிதில் கமிட்டியில் முகம் சுளித்தவர்களிடம் அந்த விதியைக் காட்டிச் சண்டை போட்டதே அவர்தானாம். ஆனால் அது வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு என்றார். வாடகைக்கு வருகிறவர் விஷயம் சொந்தக்காரரின் அக்ரிமென்ட். சொந்தக்காரரோ எழுதிக் கொடுத்திருக்கிறார். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கலாம். அதுவரை இந்தக் கடிதத்தைக் கொடுக்க முடியாது. மறுபடி எடுத்தால் எல்லாவற்றையும் மறுபடி பேசுவார்கள், முதலிலிருந்து. 'முதலிலிருந்து' என்று சொல்லும்போது ஹனீப்பின் தாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். நாகரிகமான பெண்மணி.

பிறகு குரலை இரக்கமாக்கிக்கொண்டு, இந்தப் பெண்ணுக்குக் காது கேட்காதா என்று வானமாமலையைக் கேட்டார். பாவம், எப்போதும் கூட ஒருவர் இருக்க வேண்டுமே என்றார்.

கூட இருந்தது கூடைக்குள் இருந்தது. அதை யாரும் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

தளவாய் ஹனீப்பின் காதோரம், நாளைக்குத் தாராவிச் சாவி போய்விடும், நடுத்தெருவில் நிற்பீர்களா என்றார். ஹனீப் மகளின் முன்னால் போய் நின்றார். அந்த வாரத்தில் முதல் முறையாக முகத்தைக் காட்டிப் பேசினார்.

"கார்கானாவுல விட்டுருவோம்மா. அஸாருதீன் பாத்துக்கிடுவான். நீ தெனமும் போயிப் பாரு."

"ராத்திரி என்னை யாரு எழுப்புவா?"

"உம்மா எழுப்புவா."

"அன்னைக்கு உம்மா எங்க இருந்தா?"

மும்ப்ரா கல்யாணத்தில் ஹனீப் இரண்டாம் முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவருக்கு ருசிகூட நினைவிருந்தது.

அக்ரிமென்டுக்குப் பயந்து பூனையை இங்கே திருட்டுச் சரக்கு மாதிரி ஒளித்து வைக்கவும் மாட்டேன் என்றாள் ஷைஸ்தா. மாட்டிக்கொண்டால் தன் பெயர்தான் கெடும், அப்புறம் அந்தப் பெயருக்கு இன்னொரு வீடு கிடைக்காது. அது ஏற்கெனவே கஷ்டமான பெயர் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆபீஸில் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுப்பவள்போலச் சொன்னாள்.

பிறகு நாற்காலிக்கு முன்னால் குந்தி, பெட்டியில் கட்டைவிரலை வைத்தாள். 'பீப்' என்றது. அவளுக்குக் கேட்கவில்லை. ஏஜென்ட் தலையை ஆட்டும்வரை விரலை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள்.

மேடம் கடிதத்தை நீட்டி வாழ்த்துச் சொன்னார். ஹனீப் அப்பாடா என்று நினைத்தார். மகள் தன் பிள்ளைதானே, கணக்குத் தெரிந்தவள், வீட்டைப் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தார்.

ஷைஸ்தா எழுந்து கூடையை எடுத்தாள்.

"வீடு எடுத்துக் குடுத்துட்டேன் வாப்பா. நீங்களும் உம்மாவும் இருங்க. நான் வடாலா போறேன், இசக்கிசெல்வி ரூமுக்கு."

இசக்கிசெல்வி ஐரோலி ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரி. வடாலாவில் ஒரு பழைய சாலில், வரிசையாக அறைகள் கொண்ட கட்டடத்தில், கோடையில் ஆஸ்பெஸ்டாஸ் கொதிக்கிற ஒற்றை அறையில் இருக்கிறாள். தண்ணீர் விடியற்காலையில் மட்டும் வரும். அங்கே யாரும் எதையும் எழுதி வாங்குவதில்லை.

அக்ரிமென்ட் உன் பெயரில் இருக்கிறதே என்றார் ஹனீப்.

"பேரு இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

வானமாமலை வாசல்வரை வந்தார். "போயிட்டு வாம்மா" என்றார். லிஃப்டில் பிஸ்கட் ஏறிக்கொண்டது. ஷைஸ்தா படியில் இறங்கினாள். ஹனீப் மாடிப்படி ஜன்னலில் நின்று பார்த்தார். ஆட்டோக்காரரிடம் போனை நீட்டி விலாசம் காட்டினாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி திரும்பும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பழக்கதோஷம்தான்.

*

அஸாருதீன் ஓட்டி வந்த டெம்போவில் சுலைகா சாயங்காலம் வந்து இறங்கினாள். ஹனீப் நடந்ததை முழுவதும் சொன்னார். குக்கரையும் தலையணைகளையும் எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள். வடாலா என்றபோது மட்டும் கை நின்றது. பிறகு மகளின் மெத்தையைப் பிரிக்காமலே சுவரில் சாய்த்து வைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாட்ச்மேன் வந்தார். கேட் பாஸுக்கு ஷைஸ்தா மேடத்தின் போட்டோ வேண்டுமாம். புதன்கிழமை செக்ரட்டரி மேடம் இனிப்போடு வந்து அவரைப் பார்ப்பாராம். அப்படியே ஒரு விஷயத்தையும் ஞாபகப்படுத்தச் சொன்னாராம்: யார் பெயரில் அக்ரிமென்டோ அவர் கட்டாயம் இந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், வேறு ஆளை வைத்துவிட்டுப் போனால் உள்வாடகை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இருப்பாள் என்று சுலைகா சொன்னாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாளிலேயே கையை வைத்துக்கொண்டு, ஹனீப் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"கணக்கு நான் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. சம்பளம் அவளுது. கைரேகை அவளுது. வாசல்ல எழுதப்போற பேரும் அவளுது. படுக்கை மட்டும் வடாலாவுல. புதங்கிழமை கேட்டா காட்ட ஆள் கெடையாது. இதுல நமக்கு வரவு நாலு சுவரு. பற்று ஒரு மக."

ஹனீப் மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கழிச்சுச் சொல்லுங்க, யாவாரி. மிச்சம் என்ன நிக்குது?"

ரூபாய்க்குப் பைசா வட்டியை மனதிலேயே போட்டுச் சொல்கிறவருக்கு, அந்தக் கணக்கு கழியவில்லை.